அந்தத் தாய் சாகவில்லை, தம்பி

தம்பி,

புதன்கிழமை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்துக்கு நான் பதில் போடவில்லை. மூன்று தடவை கூப்பிட்டாய், எடுக்கவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று அப்பாவிடம் விசாரித்தாயாம். உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. அருவருப்பாக இருந்தது, அதனால்தான் பேசவில்லை. போனில் பேசினால் நீ நடுவில் 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லி முடித்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுதாகப் படி. குறிப்பெடுக்காமல் படி.

அந்தப் படத்தை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. உன் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும் மாணவி யாழினியின் விடைத்தாள். சிறுகதையின் உச்சத்தை விளக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். அவள் எழுதியிருக்கிறாள்: 'கதையில் தாய் இறந்ததாக எங்கும் இல்லை. பேருந்து வந்து நிற்பதோடு தாள் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.' அதன் மேல் சிவப்பு மையில் நீ போட்ட பெரிய முட்டை. படத்துக்குக் கீழே, 'அம்மா, உங்க நோட்ஸையே கேள்வி கேக்குது ஒரு பொண்ணு, பாருங்க' என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை முகங்கள் ஐந்து. இதையே ஆசிரியர்கள் குழுவிலும் போட்டாயாம், அங்கேயும் பலர் சிரித்தார்களாம். அந்தப் பெண் இலக்கியப் பாடத்தையே விட்டுவிடப் போவதாகச் சொல்கிறாள் என்று அப்பாவிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? 'போனா போகட்டும்பா, ஆவரேஜ் ஏறும்.' ஆசிரியராகி இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. அதற்குள் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அப்பா என்னைக் கேட்டார். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்தக் குறிப்பு எப்படிப் பிறந்தது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. நீ அப்போது தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாய். கிள்ளானில் வெவ்வேறு இடைநிலைப்பள்ளிகளில் இருந்த தமிழாசிரியர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, மாணவர்களின் பயிற்சிக்காக முன்னோட்டத் தேர்வுத் தாள் ஒன்று தயாரித்தோம். ஆளுக்கொரு சிறுகதை, அதற்குக் குறிப்பு, கேள்வி, விடைத்திட்டம். எனக்குக் கிடைத்தது உள்ளூர் எழுத்தாளர் ஒருவரின் பழைய தொகுப்பிலிருந்து ஒரு கதை. புத்தகம் கடைகளில் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த ஒரு சிநேகிதியிடம் இரவல் வாங்கி, அங்கேயே ஒரு கடையில் ஒன்பது பக்கத்தை ஃபோட்டோஸ்டேட் எடுத்துக்கொண்டு, புத்தகத்தைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். ரயிலில்தான் படித்தேன். கதை பத்துப் பக்கம். கடைக்காரர் மேல் தப்பில்லை, எத்தனை பக்கம் என்று அவரிடம் சொன்னவள் நான்தான்.

அந்தக் கதை உனக்குத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஐந்தாம் மாடியில் ஒரு மலிவுவிலை அடுக்குமாடி வீடு. தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தாய். வீட்டில் வாயைத் திறக்காத கணவன், தின்ற தட்டை எடுத்து வைக்காத மூன்று பையன்கள். ஒரு நாள் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று மூத்தவன் தட்டை வீசுகிறான். அவள் தரையைத் துடைக்கிறாள். பிறகு தொழிற்சாலைப் பையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப்போய்ப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள். ஒன்பதாம் பக்கத்தின் கடைசி வரி, 'பேருந்து வந்து நின்றது. அவள்'. அந்த 'அவள்' என்ற சொல்லோடு என் கையில் இருந்த தாள் முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் கூட்டம். திரும்பவும் பிரிக்ஃபீல்ட்ஸ் போய் வரலாம், அல்லது சிநேகிதிக்குப் போன் போட்டு அந்த ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லலாம். இரண்டையும் நான் செய்யவில்லை. எதற்குச் செய்ய வேண்டும்? நான் பார்க்காத தமிழ்ச் சிறுகதையா? பிள்ளைகள் மதிக்காத அம்மா வேறு எங்கே போய் முடிவாள்? அரிசியை உலையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன், சோறு வடிப்பதற்குள் குறிப்பு முடிந்துவிட்டது. உச்சம்: பேருந்து மோதித் தாய் இறத்தல். முடிவு: பிள்ளைகள் மனம் திருந்துதல். கருப்பொருள்: தாயின் தியாகம். படிப்பினை: தாயை உயிரோடு இருக்கும்போதே போற்ற வேண்டும். எனக்கு ரயில் ஏறச் சோம்பல் என்பதற்காக ஒரு பெண்ணின் மேல் பேருந்தை ஏற்றிக் கொன்றேன். மறுநாள் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள் என்று உள்ளூரப் பயம் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. ஒரு சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "டீச்சர், அந்த முடிவு படிச்சு மனசே கனத்துப் போச்சு" என்றார். அவர் படித்தது என் குறிப்பைத்தான். அந்த ஒன்பது பக்கமும் என் குறிப்பும் ஒன்றாகப் பின் குத்தப்பட்டு ஷா ஆலம், பந்திங், பூச்சோங் என்று பள்ளி பள்ளியாகப் போயின.

அடுத்த ஆண்டு என் வகுப்பில் கலைவாணி என்று ஒரு பெண் இருந்தாள். பேச்சு குறைவு. ஒருநாள் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது எழுந்து நின்றாள். கையில் பழைய புத்தகம், பள்ளி நூலகத்தின் முத்திரை போட்டது. அகராதிகளுக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம்.

"டீச்சர், அம்மா சாகல."

"எந்த அம்மா?"

"கதையில உள்ள அம்மா டீச்சர். பஸ் ஏறி உக்காந்து போயிட்டாங்க. பத்தாவது பக்கத்துல இருக்கு, பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். அரைப் பக்கம்கூட இல்லை. படித்துவிட்டு நிமிர்ந்தேன். முப்பது பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் 'ஆமாம்மா, நான் கடைசிப் பக்கம் படிக்காமலே எழுதிவிட்டேன்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது இதுதான்: "பரீட்சைக்கு நோட்ஸைப் படி. உன்னை யாரு கதையைப் படிக்கச் சொன்னா?" வகுப்பே சிரித்தது. நீ அனுப்பினாயே ஐந்து முகம், அந்தச் சிரிப்பு. பிறகு, "பார்த்துட்டுத் தரேன்" என்று புத்தகத்தை வாங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். முன்னோட்டத் தேர்வில் அவள் மறுபடியும் தாய் பேருந்து ஏறிப் போனாள் என்றே எழுதினாள். உச்சம், முடிவு, கருப்பொருள், படிப்பினை எல்லாவற்றுக்கும் நான் முட்டை போட்டேன். ஒரு வாரம் கழித்து இலக்கியத்தை விட்டுவிட்டாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

இந்த நோய் என் வகுப்போடு நிற்கவில்லை, நம் சாப்பாட்டு மேசைக்கும் வந்தது. ஆறாம் ஆண்டில் நீ கட்டுரைப் பயிற்சி செய்ததை நினைத்துப் பார். எந்தத் தலைப்பு கொடுத்தாலும் அதில் உன் அம்மா சாவாள். 'மறக்க முடியாத நாள்' என்றால் புற்றுநோயில் செத்தேன். 'என் இலட்சியம்' என்றால், நீ டாக்டராவதற்காகவே ஒரு தடவை செத்தேன். உன் பக்கத்திலேயே உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டு, 'இங்க இன்னும் ரெண்டு வரி கண்ணீர் சேருய்யா, மார்க் கூடும்' என்று சொன்னவளும் நானே. போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த உன் அப்பா ஒரு நாள் நோட்டை வாங்கிப் படித்தார். "ஏன் லா, எல்லாத்துலயும் அம்மாவையே சாகடிக்கிறீங்க? நான் ஒருத்தன் சும்மாதானே இருக்கேன்?" என்று கேட்டார். நாம் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மூன்று பேரில் சரியான கேள்வி கேட்ட ஒரே மனிதரை நாம் கேலி செய்து அனுப்பிவிட்டோம். அந்தக் கட்டுரைகளுக்கு உனக்குப் பரிசு கிடைத்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

நீ முதல் படிவத்துக்குப் போன வருடம், தீபாவளித் துணி எடுக்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போனோம். பையைத் தூக்கச் சொல்லி உன்னைக் கூட்டிப் போயிருந்தேன். கூட்டத்தில் ஒரு பெண் வந்து, "வணக்கம் டீச்சர்" என்றாள். கலைவாணி. வேலைக்குப் போகிற பெண்ணாக வளர்ந்திருந்தாள். கோபமே இல்லாமல் நலம் விசாரித்துவிட்டு, ஏதோ மறந்த சாமானைக் கேட்பது மாதிரி கேட்டாள்:

"டீச்சர், அந்த புக்க லைப்ரரியில குடுத்துட்டீங்களா? என் பேர்ல இருந்துச்சு. ஸ்கூல் முடிஞ்சு சர்ட்டிபிகேட் எடுக்கப் போனப்போ, புக் வரலைன்னு நிறுத்தி வச்சிட்டாங்க. தொலைச்சிட்டேன்னு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுத்தான் எடுத்தேன்."

"ஏம்மா, என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே?"

"நீங்க குடுக்க மாட்டீங்கன்னு தெரியும் டீச்சர்."

அதில் குத்தல் இல்லை, தம்பி. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். ஒளித்து வைத்தவள் நான். தொலைத்தேன் என்று கையெழுத்துப் போட்டவள் அவள். அந்த நேரத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். "தேடிப் பார்க்கிறேன்மா" என்றேன். புத்தகம் எந்தத் தட்டில், எந்தக் கோப்புக்கு அடியில் இருக்கிறது என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். அவள் போன பிறகு, யார் அது என்று நீ கேட்டாய். "பழைய ஸ்டூடன்ட். சுமாராத்தான் படிப்பா" என்று சொன்னேன். இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இதற்கும் மேல் கேவலம் ஒன்று இருக்கிறது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து நீ ஐந்தாம் படிவத்தில் என் வகுப்பிலேயே உட்கார்ந்தாய். அதே கதை, அதே ஒன்பது பக்கம். பத்தாம் பக்கத்தைப் படித்தவளாக, கலைவாணியைச் சந்தித்தவளாக, உனக்கும் நான் பேருந்து மோதியதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். நீ ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாய். உன் கையில் இருந்த தாளும் 'அவள்' என்ற சொல்லில் அறுந்துதான் இருந்தது. அதை நீ அன்றைக்கும் பார்க்கவில்லை. மாணவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுத்த இன்றைக்கும் பார்க்கவில்லை. யாழினி பார்த்திருக்கிறாள். தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருக்கிறாள். பதினெட்டு ஆண்டுகளில் அந்தத் தாளில் எழுதப்பட்ட விடைகளில் அவளுடையதும் கலைவாணியுடையதும் மட்டும்தான் உண்மை. இரண்டுக்கும் நம் வீட்டிலிருந்துதான் முட்டை போனது.

நீ கேட்பாய், கதைக்கூறுகளைச் சொல்லிக் கொடுக்காமல் பிள்ளைகளை எப்படிப் பரீட்சைக்கு அனுப்புவது என்று. சொல்லிக் கொடு. எனக்கு அந்தச் சொற்கள் மேல் வெறுப்பில்லை. அவற்றை நாம் படுத்திய பாட்டின் மேல்தான் வெறுப்பு. என் குறிப்பில் 'இடப்பின்னணி: அடுக்குமாடி வீடு' என்று இரண்டு சொல் இருக்கும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்குவார்கள். கதையைத் திறந்து பார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கெட்டுக் கிடக்கிறது. அவள் ஐந்து மாடியும் நடந்து இறங்குகிறாள். ஒவ்வொரு மாடியிலும் ஒருத்தி, 'எங்கக்கா, இந்நேரத்துல?' என்று கேட்கிறாள். ஐந்து தடவை அவள் திரும்பிப் போயிருக்கலாம், ஐந்து தடவையும் போகவில்லை. லிஃப்ட் ஓடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. இடப்பின்னணி என்றால் அதுதான். இதைப் பிள்ளைகளிடம் கேட்டால் அவர்களே கண்டுபிடிப்பார்கள், அதற்கு உன் குறிப்பு வேண்டாம். எந்தக் கதையைக் கொடுத்தாலும் 'பின்னோக்கு உத்தி' என்று எழுதச் சொல்லிப் பழக்கி வைத்திருக்கிறோமே, யாராவது எதையாவது நினைத்துப் பார்க்காத கதை உலகத்தில் உண்டா? நூறு பிள்ளைகள் அதை எழுதி நூறு பேரும் மதிப்பெண் வாங்கியதைத் திருத்தியவள் நான். அந்த வேலைக்கு ஒரு கண்கூடத் தேவையில்லை. படிப்பினை, அதைத்தான் எனக்குச் சகிக்கவே முடியவில்லை. ஒரு பெண் வீட்டைவிட்டுப் போகிறாள். ஏன் போனாள் என்று யோசிக்க விடாமல், அவளைச் சாகடித்து, அவள் பிணத்தின் மேல் 'தாயைப் போற்றுவோம்' என்று எழுதி ஒட்டிவிட்டு, அதற்கு இரண்டு மதிப்பெண்.

இப்போது உன் இன்னொரு வேண்டுகோள். என் குறிப்புகளை எல்லாம் கணினியில் ஏற்றி, சனிக்கிழமை மாணவர் பயிற்சிப் பட்டறைக்குப் புத்தகமாகப் போடப் போகிறாயாம். அட்டையில் என் பெயர் வருமாம், அது எனக்கு மரியாதையாம். வேண்டாமய்யா. அவை இருந்த கோப்பை நேற்று எடுத்துக் கிழித்துவிட்டேன். அப்பாதான் பார்த்துக்கொண்டிருந்தார். உன்னிடமும் மற்றப் பள்ளிகளிலும் இருக்கும் நகல்களை என்னால் கிழிக்க முடியாது. குழுவில் இருக்கும் மற்ற ஆசிரியர்களுக்கு நானே தனியாக எழுதுகிறேன். அவர்கள் சிரிப்பார்களோ கோபிப்பார்களோ, அது என் பாடு.

உன் பாடு திங்கட்கிழமை. நாளை ஞாயிறு, அப்பா பூச்சோங்குக்கு உன் வீட்டுக்கு வந்து திங்கள் சாயந்திரம் வரை இருப்பார். இந்தக் கடிதத்தை அந்தப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்து அனுப்புகிறேன். ஆமாம், கலைவாணி கண்டெடுத்த அதே புத்தகம். பணி ஓய்வு பெற்ற அன்று பள்ளி அலமாரியிலிருந்து எடுத்து வந்து என் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். அதைத் திறந்து இன்றைக்கே படித்துவிடாதே. திங்கட்கிழமை வகுப்பில் யாழினியிடம் கொடு. பத்தாம் பக்கத்தை அவள் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கட்டும், நீ பக்கத்தில் நின்று கேள். அந்தப் பக்கத்தில் ஒருவரும் சாகவில்லை. அவள் பேருந்தில் ஏறுகிறாள். கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்கிறாள். சன்னலோரம் உட்கார்ந்து, பையில் கட்டி வைத்திருந்த சோற்றை எடுத்துத் தானே சாப்பிடுகிறாள். பிள்ளைகள் திருந்தினார்களா என்று கதையில் இல்லை. அவள் அதைப் பற்றி யோசித்ததாகவும் இல்லை.

வாசித்து முடித்ததும் அவளுடைய விடைத்தாளில் நீ போட்ட முட்டையை எல்லோர் முன்னாலும் அடித்துவிட்டு முழு மதிப்பெண் போடு. தப்பு யாருடையது என்று என் பெயரைச் சொல்லியே சொல். சிரித்தது யார் என்பதை நீயாகச் சொல்ல வேண்டும், அதை நான் உனக்காக எழுதித் தர மாட்டேன். அவளை இலக்கியத்தில் இருக்கச் சொல்லிக் கேள். ஆசிரியராகக் கட்டளை போடாதே, கெஞ்சிக் கேள். அவள் மாட்டேன் என்றால் அதுவும் அவள் உரிமை. ஆனால் உன் முகத்தைப் பார்த்துப் பயந்து போகிறவளாக அவள் போகக் கூடாது. ஒருத்தி அப்படிப் போனது போதும்.

பிறகு புத்தகத்தை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிடு. பின்னட்டையின் உள்பக்கத்தில் நூலகத் தாள் ஒட்டியிருக்கிறது, அதில் கடைசிப் பெயர் கலைவாணி. அந்தப் பள்ளிக்கு நான் போய்ப் பல வருடமாகிறது. செவ்வாய்க்கிழமை போகப் போகிறேன். புத்தகத்தை எடுத்தவள் இன்ன ஆசிரியை, தொலைத்ததாக எழுதிக் கொடுத்த மாணவி பொய்யாக எழுத நேர்ந்தது என்று நானும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அவள் கடிதம் இன்னும் அங்கே ஏதாவது கோப்பில் இருந்தால், அதோடு இதையும் சேர்த்துக் குத்தி வைக்கச் சொல்வேன்.

உன் அம்மா